கதவுக்கு ரசீது இல்லை

சமார் கரையிலிருந்து படகில் ஒன்றேகால் மணி நேரம்.
அலை இருந்தால் கணக்கு வேறு.
நான்கு வகுப்பறை, மூன்று ஆசிரியர்.
அதில் ஒருவர் தலைமையாசிரியை கிறிசாந்தா:
காலையில் மூன்றாம் வகுப்பு,
மாலையில் காசாளர்,
இரவில் யாருமில்லை, ஒன்பதுக்கு ஜெனரேட்டர் நின்றுவிடும்.

"இனிப் பள்ளியை நீங்களே நடத்துங்கள், அது உங்களுடையது"
என்று ஒரு சுற்றறிக்கை வந்தது.
அதுவரை யாருடையது என்று
எங்களில் யாரும் கேட்டதில்லை.
கூரை ஒழுகினால் வாளி வைத்தவர்கள் நாங்கள்.

உங்களுடையது என்றால்
பதினோரு கோப்புகள் என்று பொருள்.
நீல அட்டை, முதுகில் ஒட்டிய பெயர்,
உள்ளே புகைப்படம், கையெழுத்து, தேதி.
பசை காயட்டும் என்று
என் மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்தபோது
ரென்சோ வந்து நின்றான், புத்தகத்தோடு.
சொல்லின் முதலிலேயே ங வரும் எங்கள் மொழியில்.
ஙிப்போன் என்றால் பல்.
முன்பல் இரண்டும் விழுந்த வாயால்
பல் என்று படிக்கப் பார்க்கிறான்.
"நாளைக்கு" என்றேன்.
நாளைக்கும் அதையே சொன்னேன்.

பள்ளிச் சபை கூடியது, மீன் ஏலம் முடிந்த பிறகு.
எட்டுப் பேர். கையிருப்பு
நாலாயிரத்து இருநூறு பெசோ.
அச்சுப்பொறிக்கு மை, காகிதம், இன்னும் அட்டைகள்.
அல்லது
புயல் கொண்டுபோன கழிப்பறைக் கதவு.
இரண்டுக்கும் போதாது.

நோர்வில்லா எழுந்தாள்.
கருவாட்டு உப்பு அவள் முழங்கை வரை வெளுத்திருந்தது.
"பத்து மணிக்கு ஜெசில் வீட்டுக்கு ஓடி வருகிறாள், ஒதுங்க.
அப்புறம் திரும்பிப் போவதில்லை.
பதிவேட்டில் முழு நாள் இருக்கிறாளாமே,
அது எப்படி, டீச்சர்?"

பதிவேடு என் கையெழுத்து.
காலையில் ஒருமுறை பார்ப்பேன், பிறகு பார்ப்பதில்லை.
அதைச் சொல்லவில்லை.
கை தூக்கச் சொன்னபோது
மைக்குத்தான் தூக்கினேன்.
மதிப்பீட்டாளர் வரப்போகிறார் என்பது மட்டும்
அப்போது தலைக்குள் ஓடியது.

ஐந்துக்கு மூன்று. கதவு வென்றது.

தச்சன் தெரோய், உடைந்த படகின் பலகையில்
கதவு செய்தான். ஒரு பக்கம் இன்னும்
படகின் பெயரில் பாதி, சிவப்பில்.
ரசீது கேட்டதற்குச் சிரித்தான்:
"உங்களுக்கு என்னைத் தெரியும்,
எனக்கு உங்கள் எல்லாரையும் தெரியும்.
நடுவில் சீட்டு எதற்கு?"
சீட்டில்லாமல் பணத்தைத் தொட முடியாது.
கிறிசாந்தா தன் பையைத் திறந்தார்,
எண்ணாமல் கொடுத்தார்.
அரசுப் பணம் டிசம்பரில் திரும்பிப் போனது
நல்ல பிள்ளையாய், ஒரு காசு குறையாமல்.

மதிப்பீட்டாளர் வந்தார்.
பாவம், கெட்ட மனிதர் இல்லை,
வழியெல்லாம் வாந்தி.
இஞ்சித் தண்ணீர் கொடுத்தோம்.
கோப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.
ஏழாவது கோப்பு: சமூகப் பங்கேற்பு.
உள்ளே ஒன்றுமில்லை, மை தீர்ந்திருந்தது.
"சான்று இல்லாமல் நான் எதை எழுத?" என்றார்,
உண்மையான வருத்தத்தோடு.

பிறகு, கழிப்பறை எங்கே என்று கேட்டார்.
காட்டினேன்.
பாதிப் பெயர் எழுதிய பலகையைத் தள்ளினார்.
உள்ளிருந்து ஒரு குரல்,
கொஞ்சம் அதட்டலாகவே:
"ஆள் இருக்கு!"

ஏழாவது கோப்பைக் கக்கத்தில் இடுக்கியபடி
வெயிலில் நின்றார். நானும் நின்றேன்.
என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.

நிலை ஒன்று என்றுதான் எழுதிவிட்டுப் போனார்,
மூன்றில் கடைசி நிலை.
ஜெசில் வெளியே வந்து, கை கழுவி,
ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
வகுப்புக்குள் போனாள்.
மணி பதினொன்று இருபது.